முதலிடம் பிடிக்காமலே ஜெயித்த 'மிஸ்டர் பிரைட்சைட்'

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான தி கில்லர்ஸின் 'மிஸ்டர் பிரைட்சைட்' பாட்டு நம்பர் ஒன் ஆகியிருக்கும்தானே சார்?

பதில்: இல்லை. பிரிட்டனின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 2004இல் 10ஆம் இடம், அமெரிக்காவின் அதே மாதிரிப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் 2005இல் அதே 10. அதற்கு மேல் ஏறவில்லை.

கேள்வி: லாஸ் வேகஸ்காரர்களின் பாட்டு பிரிட்டனில் முதலில் வந்தது எப்படி?

பதில்: இவர்களை முதலில் ஒப்பந்தம் செய்தது லிசர்ட் கிங் என்ற சின்ன லண்டன் நிறுவனம். 2003 செப்டம்பரில் கொஞ்சம் பிரதிகள்தான் போட்டார்கள். மறு ஆண்டு 'ஹாட் ஃபஸ்' ஆல்பம் வந்த சமயத்தில் மறுபடி வெளியிட்ட பிறகே பட்டியலில் ஏறியது.

கேள்வி: 10ஆம் இடத்தோடு நின்ற பாட்டுக்கு இவ்வளவு பேச்சு ஏன்?

பதில்: அது பட்டியலை விட்டு இறங்க மறுப்பதால்தான். பிரிட்டனின் டாப் 100இல் 400 வாரங்களைத் தாண்டிவிட்டது. 2024இல் பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸின் 'வொண்டர்வால்' பாட்டை முந்தி, முதலிடம் பிடிக்காத பாட்டுகளிலேயே அங்கே அதிகம் விற்றது என்ற பெயரும் வாங்கியது. 2014 முதல் ஸ்ட்ரீமிங்கையும், அதாவது இணையத்தில் பாட்டு கேட்பதையும், கணக்கில் எடுக்கிறார்கள், அது பழைய பாட்டுகளுக்குப் பெரிய உதவி. ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. கட்டணச் சந்தாதாரர்கள் புதுப் பாட்டை 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. பழைய பாட்டுக்கு 200 முறை கேட்க வேண்டும். அதாவது பாதி மதிப்புதான். அப்படியும் இது நிற்கிறதென்றால், எத்தனை பேர் விடாமல் கேட்கிறார்கள் பாருங்கள்! ஒரு வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டு மறைந்த எத்தனையோ பாட்டுகளைவிட இதைத்தான் பெரிய வெற்றி என்பேன்.

கேள்வி: அண்ணா, இரண்டாவது சரணமும் முதல் சரணம் மாதிரியே கேட்கிறதே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள், அதே வரிகள்தான். குழுவின் கிடார் கலைஞர் டேவ் கியூனிங் ஏற்கெனவே வைத்திருந்த கிடார் மெட்டுக்குப் பாடகர் பிராண்டன் ஃபிளவர்ஸ் ஒரே ஒரு சரணம்தான் எழுதியிருந்தார். காதலி ஏமாற்றியதைக் கண்டவனின் பொறாமை அது. அந்த மனநிலையில் இருப்பவனுக்கு வேறு எதுவும் ஓடாது, அதையே திரும்பத் திரும்ப நினைப்பான். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி: பிரிட்டனில் மட்டும்தான் இந்த மோகமா?

பதில்: அமெரிக்காவிலும் உண்டு. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் இதை ஒலிக்கவிடுவது வழக்கம். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் கொள்ளும் மைதானம் அது. இசையை நிறுத்தினாலும் ரசிகர்கள் விடமாட்டார்கள், தாங்களே பாடிக்கொண்டிருப்பார்கள்.