செய்யுளில் உலகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பையன்கள் உலக பூகோளத்தைச் செய்யுளாகப் படித்தார்கள் என்று ஓர் உரையில் சொன்னீர்கள். அது என்ன புத்தகம்? ஊர்ப்பெயர்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பது அறிவாகுமா? பூமி தட்டை என்று நம்பிய காலம் அல்லவா? என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு எந்த அட்லஸ் வாங்கலாம்?

செ.

அன்புள்ள செ.,

தட்டை சமாச்சாரத்தை முதலில் விடுங்கள். படித்த ஐரோப்பியர்களுக்கு அப்போதும் பூமி உருண்டைதான்.

புத்தகம், யோஹானஸ் ஹோன்டெர் எழுதிய ‘ருடிமென்டா காஸ்மோகிராபிகா’. டிரான்சில்வேனியாவில், இன்றைய ருமேனியாவின் பிரஷோவ் ஊர்க்காரர். சொந்த ஊரில் அச்சகம் வைத்து, பள்ளியையும் சீரமைத்தவர். கையடக்கமான லத்தீன் நூல். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட குட்டி வரைபடங்கள் உண்டு. 1546 சூரிச் பதிப்பின் உலகப்படம் இதய வடிவில் இருக்கும், அதில் அமெரிக்காவும் உண்டு.

கிளிப்பிள்ளை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். மனப்பாடம் என்றதும் முகம் சுளிப்பது இப்போது ஒரு நாகரிகம். படித்தவர்களிடம்தான் இந்த வியாதி அதிகம். ஹோன்டெர் இதே நூலை முதலில் 1530இல் போலந்தின் கிராக்கோவில் உரைநடையாக வெளியிட்டார். உரைநடை எழுதத் தெரியாமல் பாட்டுக்குப் போனவர் அல்ல. ஊருக்குத் திரும்பிய பிறகு, 1542இல், முழுவதையும் செய்யுளாக மாற்றினார், ஆயிரம் வரிக்கும் மேல். ஏன் அந்தப் பாடு? பையன்களுக்கு எது மனதில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வேறென்ன? 1541இல்தான் பூடா நகரம் ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போயிருந்தது. டிரான்சில்வேனியாவும் சேர்ந்திருந்த ஹங்கேரியின் தலைநகரே கைமாறும் காலத்தில் அந்தப் பையன்கள் நாடுகளையும் நதிகளையும் சந்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. சூரிச் பதிப்பில் வானமும் பூகோளமுமாக மூன்று பாகம். நான்காவது பாகம் பொருட்பெயர்களை வகைவகையாகத் தொகுத்துத் தருகிறது. நம் நிகண்டுகளில் மக்கட்பெயர்த் தொகுதி, மரப்பெயர்த் தொகுதி என்று வருமே, கிட்டத்தட்ட அதுதான். திண்ணைப் பள்ளியில் நிகண்டை உருப்போட்ட பையனை ஹோன்டெரின் வகுப்பில் உட்கார வைத்தால், மொழிதான் புரியாதே தவிர, நடக்கிற காரியம் உடனே புரிந்திருக்கும்.

என் அத்தைக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து மதுரை வரை ஸ்டேஷன்களைத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாள். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம். ராத்திரி ரயிலில் பாதித் தூக்கத்தில் எழுந்து, வெளியே தெரியும் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தால் போதும், இன்னும் எவ்வளவு தூரம், எப்போது பையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். பக்கத்தில் நான், காலேஜ் படிக்கிறவன், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருப்பேன். இதைக் கிளிப்பிள்ளை என்பீர்களா? வரிசை தெரிந்தவளுக்கு இடமும் தெரிந்தது. உங்கள் மகளிடம் காவிரிக்கரை ஊர்களை மேட்டூரிலிருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். அவளை மட்டுமல்ல, உங்களையும்தான் கேட்கச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், பாசத்தில்தான் திட்டுகிறேன்.

அட்லஸா? எதுவானாலும் சரி. விலை மலிவாக இருக்கட்டும், அவள் பேனாவால் கிறுக்கினால் நீங்கள் அதட்டாத அளவுக்கு.