டைவர்ஸ் கேஸ் போட்டது புருஷன், அப்போ எனக்கு ஜீவனாம்சம் கிடைக்காதா?

கேள்வி: கல்யாணமாகி 9 வருஷம், 7 வயசுல பையன். திருப்பூர்ல அம்மா வீட்டுல இருக்கேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல டைவர்ஸ் கேஸ் போட்டிருக்கார். சொந்தமா பிரிண்டிங் யூனிட் நடத்துறார், ஆனா மாசம் 18,000 தான் வருதுங்கிறார். நீ பி.காம் படிச்சவ, கோர்ட்ல ஒண்ணும் தரமாட்டாங்க, 5 லட்சம் வாங்கிட்டு கையெழுத்து போடுன்னு அவங்க வீட்ல நெருக்குறாங்க. என்ன பண்ணலாம் சார்?

பதில்: முதல்ல அந்த கையெழுத்தை போடாதீங்கம்மா, மத்ததை பொறுமையா பேசலாம். இவ்வளவு அவசரமா 5 லட்சம் தர வர்றாங்கன்னா, கோர்ட்டுக்கு போனா அதைவிட கூட ஆகும்னு அவங்க வக்கீலே சொல்லியிருப்பார்னு தான் எனக்கு தோணுது.

கேஸ் யார் போட்டாங்கங்கிறது விஷயமே இல்ல. இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவுல, அவர் போட்ட அதே கேஸ்லயே நீங்க ஒரு ஐஏ (கேஸ் நடக்கும்போதே போடுற இடைக்கால மனு) போட்டு இடைக்கால ஜீவனாம்சமும் கேஸ் நடத்துற செலவும் கேக்கலாம். நோட்டீஸ் அவர் கைக்கு போய் சேர்ந்து 60 நாள்ல முடிக்க பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறைல வாய்தா வாய்தாவா போகும், அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா 2020-ல ரஜ்னேஷ் எதிர் நேஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஆர்டர் எப்போ வந்தாலும் மனு போட்ட தேதில இருந்து பணம் கணக்காகும்னு. அதனால யோசிச்சிக்கிட்டே தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் உங்க காசு தான் போகுது.

அதே தீர்ப்புல தான் ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அபிடவிட்டா (சத்தியம் பண்ணி எழுதிக்குடுக்கிற பத்திரம்) தாக்கல் பண்ணணும்னு கட்டாயமாக்கினாங்க. உங்க கேஸே இதுல தான் நிக்குது. 18,000 வருமானம்னு எழுதுறவர் காருக்கு எவ்வளவு இஎம்ஐ கட்டுறார், யூனிட்டுக்கு வாடகை எவ்வளவு, ஈபி பில் எவ்வளவு, எத்தனை பேருக்கு சனிக்கிழமை கூலி குடுக்கிறார், ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல டர்ன்ஓவர் என்ன காட்டியிருக்கார், இதையெல்லாம் வரிசையா குறுக்கு விசாரணைல கேட்டா அந்த 18,000 நிக்காது. யூனிட் போட்டோ, பழைய இன்வாய்ஸ், அவர் அனுப்பின ஜிபே ஸ்கிரீன்ஷாட், கைல இருக்கிற எதையும் டெலீட் பண்ணாதீங்க. உங்க பக்கமும் சுத்தமா இருக்கணும், டியூஷன் எடுத்து 4,000 வந்தா அதையும் எழுதிடுங்க. மறைச்சு மாட்டினா ஜட்ஜுக்கு உங்க மேல இருக்கிற நம்பிக்கை போயிடும், அதுக்கப்புறம் எதை சொன்னாலும் ஏறாது.

பி.காம் படிச்சதால கிடைக்காதுங்கிறது சும்மா மிரட்டல். சம்பாதிக்க தகுதி இருக்கிறது வேற, நிஜமா சம்பாதிக்கிறது வேறன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வேலைக்கு போனா கூட உரிமை அடியோட போகாது, தொகை குறையலாம். அப்புறம் சம்பளத்துல 25 சதவீதம்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது பாருங்க, அது 2017-ல ஒரு கேஸ்ல சொன்னது, எல்லாருக்கும் ஃபார்முலா கிடையாது.

கோயம்புத்தூர் அலைய முடியலன்னா பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 144-வது பிரிவுல (பழைய சிஆர்பிசி 125 தான்) நீங்க இருக்கிற திருப்பூர்லயே தனியா மனு போடலாம். ரெண்டு இடத்துலயும் கேக்கலாம், ஆனா ஒரு கோர்ட்ல வந்த ஆர்டரை இன்னொரு கோர்ட்ல சொல்லியே ஆகணும், ரெண்டையும் சேர்த்து டபுளா வாங்க முடியாது, கழிச்சிக்குவாங்க. 144 ஆர்டர் ஆகியும் அவர் கட்டலன்னா, பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போட்டுடுங்க, விட்டா அந்த வழில அந்த பாக்கி போச்சு.

டைவர்ஸ் ஆனப்புறம் என்னன்னு நீங்க கேக்கல, ஆனா நிறைய பேர் ஏமாறுறது இங்க தான். 24-ல வாங்கின ஆர்டர் மெயின் கேஸ் முடிஞ்சதும் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் 25-வது பிரிவுல நிரந்தர ஜீவனாம்சம்னு தனியா கேக்கணும், தீர்ப்போட சேர்த்தோ பின்னாடியோ கேக்கலாம், மொத்தமாவோ மாசாமாசமோ. அவருக்கு சாதகமா டைவர்ஸ் ஆனாலும் கேக்கலாம், ஆனா ரெண்டு பேர் நடத்தையையும் கோர்ட் பாக்கும். மாசத்தொகையை விலைவாசி ஏறினா கூட்டிக்கேக்கவும் வழி இருக்கு. நீங்க மறுமணம் பண்ணினா அவர் மனு போட்டு ரத்து பண்ணலாம்.

பையனோட பராமரிப்பு தனி கணக்கு. அவன் உரிமையை விட்டுக்குடுத்து நீங்க கையெழுத்து போட்டாலும் அது அவனை கட்டுப்படுத்தாது. வக்கீலுக்கு பணம் இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுக்குடுப்பாங்க.

சமரசமா முடிக்கலாம்னு பின்னாடி தோணினா தப்பில்ல, ஆனா அவரோட அபிடவிட் கைக்கு வந்தப்புறம் பேசுங்க. இனி எதுவும் கேக்க மாட்டேன்னு ஒரு வரி கண்டிப்பா சேர்ப்பாங்க, அதுல பையனோட பேர் இல்லாம பாத்துக்குங்க. பணம் கடைசி கையெழுத்து அன்னைக்கு டிடியா கோர்ட்லயே கைக்கு வரணும், பின்தேதி போட்ட செக்கெல்லாம் வேணவே வேணாம்.