பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த அப்பாவிடம் 'ஏன் விட்டுப் போனீர்கள்' என்று கேட்கலாமா?

கேட்கலாம். உங்கள் அப்பாவும் உடம்பு தளர்ந்துதான் வந்திருப்பார். உறவுக்காரர்கள் 'பழசை விடு' என்று இந்நேரம் ஆரம்பித்திருப்பார்கள். காதில் வாங்காதீர்கள். ஆனால் ஒன்று, மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் கேள்வி அன்றைக்கு வாயில் வராது. எனக்கு வரவில்லை.

நாங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். அப்பா 1998-இல் போனபோது எனக்கு ஒன்பது வயது. போன புதிதில் திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். ஒரு மணியார்டர் கிடையாது. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அம்மா என்னையும் தங்கையையும் வளர்த்தாள். பட்டா அப்பா பெயரில். பயிர்க்கடன் கேட்டுப் போனால் 'பட்டாதாரர் எங்கே?' என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கொல்லையிலிருந்த பதினோரு தென்னையையும் சாய்த்தபோதும் அதே கேள்வி. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு, வழக்குப் போடலாம் என்றார் ஒரு வக்கீல். அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு மாதம் அவளோடு நான் பேசவில்லை.

2020 ஊரடங்கில் வந்தார். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள் போல. இ-பாஸ் இல்லாமல் ஏதோ லாரியில் தொற்றி வந்து, ஒரு மஞ்சள் பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன். நான்கு நாள் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வருடம்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றே திறந்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நெல் நட்டிருந்தோம். ஐந்தாம் நாள் காலை வயலுக்குப் போனால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் எங்கள் வாமடையில் குனிந்து நிற்கிறார். சேற்றைப் புல்லோடு சேர்த்து அள்ளி வைத்து, குதிகாலால் மிதித்து மிதித்து அடைக்கிறார். வயலுக்குத் தண்ணீர் போதும் என்று பார்த்ததும் தெரிந்திருக்கிறது. உண்மையில் போதும்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கள் வாமடையை அடைக்க நீங்கள் யார்?" என்று கத்தினேன். 22 வருடத்துக் கேள்வி அப்படித்தான் வெளியே வந்தது. தண்ணீர் முறை வரும் ராத்திரிகளில் அம்மா டார்ச் விளக்கோடு தனியாக வரப்பில் நின்றது, தங்கை கல்யாணத்தில் மாமா தாரை வார்த்தது எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சேற்றுக் கையைத் தொங்கப்போட்டபடி நின்றார். "கடன் இருந்தது. அப்புறம் திரும்பி வர வெட்கமாகப் போய்விட்டது" என்றார். இதற்கா என்று இருந்தது.

'பெற்றவரை வயலில் நிறுத்தி வைத்துத் திட்டுவதா' என்று எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: திட்டினேன். மூன்று வேளைச் சோறும் போடுகிறேன், கண் ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போனதும் நான்தான். உபதேசம் செய்கிற யாரும் அம்மாவுக்கு ஒரு மரக்கால் விதைநெல் கடன் கொடுத்ததில்லை.

அந்தக் குறுவையும் உருப்படவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். சாலையோரம் கொட்டிக் காயவைத்து எட்டு நாள் காவல் கிடந்தோம். மழை பிடித்து அடிநெல் முளைத்துவிட்டது. மிச்சத்தை எடை போட, 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வேறு வைக்கவேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

மறு வருடம் நிலத்தை அம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அவரிடம் நானாகக் கேட்டது அது ஒன்றுதான். பத்திரம் எழுதுகிறவர் முகவரி கேட்டார். ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். கதவு எண் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னாள்.