லிம்போமா குணமான பிறகு இதயம்: கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: 24 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து, நெஞ்சில் ரேடியேஷன் கொடுத்தார்கள். 19 வருடம் ஆகிவிட்டது. இப்போது போய் இதயத்தைப் பாருங்கள் என்கிறார்களே, ஏன்?

பதில்: ரேடியேஷன் அன்றோடு முடிந்தது, அது விட்டுப்போன வேலை இன்னும் நடக்கிறது. கதிர் பட்ட ரத்தக்குழாயின் உள்சுவர் மெல்லத் தடித்து அடைப்பாக மாற, பத்து இருபது வருடம்கூட ஆகும். வால்வும் அப்படித்தான், சுண்ணாம்பு படிந்து இறுகும். நெதர்லாந்தில் உங்களைப் போன்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 40 வருடம் கழித்தும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. இப்போது பார்ப்பதே தாமதம்தான், அவசரப்படுகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: லிம்போமாவுக்கு ஆர்-சாப் என்ற கீமோ ஆறு சைக்கிள் முடித்தேன். அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். நிஜமா டாக்டர்?

பதில்: நிஜம்தான். ஆனால் அளவைப் பொறுத்தது. அதன் பெயர் டாக்ஸோரூபிசின். வழக்கமாக ஒரு சைக்கிளுக்கு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 50 மி.கி. ஆறுக்கு 300. மொத்தம் 250ஐ எட்டினாலே கண்காணிக்க வேண்டியவர் ஆகிறீர்கள். 300 வாங்கிய பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். 400ஐத் தாண்டினால் ஆபத்து வேகமாக ஏறும். சிகிச்சை முடிந்து 1, 3, 5ஆம் வருடங்களில் எக்கோ என்ற இதய ஸ்கேன், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். ஒருவர் மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய தாளோடு வந்தார். அதிலிருந்த மொத்த அளவைப் பார்த்ததும், அரை மணி நேரம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மிச்சமாயின.

கேள்வி: எக்கோவில் இ.எஃப். 58, நார்மல் என்றார்கள். ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பதில்: இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம். 58 நார்மல்தான். ஆனால் இ.எஃப். இறங்குவதற்கு முன்பே தசை களைத்திருக்கலாம். தசை எவ்வளவு சுருங்குகிறது என்று எக்கோவிலேயே பார்க்கும் ‘ஸ்ட்ரெயின்’ என்ற அளவு அதை முன்கூட்டியே காட்டும். அதையும் எடுக்கச் சொல்லுங்கள். கீமோவுக்கு முன் எடுத்த எக்கோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதயத்தையே குற்றம் சொல்லவும் வேண்டாம். ரத்தசோகை, கழுத்தில் ரேடியேஷன் பட்டிருந்தால் தைராய்டு, பிளியோமைசின் என்ற கீமோ மருந்து வாங்கியிருந்தால் நுரையீரல், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: உடற்பயிற்சி செய்யலாமா?

பதில்: செய்யத்தான் வேண்டும். நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர்கள் மட்டும் பரிசோதித்துக்கொண்டு தொடங்கட்டும்.

கேள்வி: மனைவிக்கு 15 வயதில் சிகிச்சை நடந்தது. இப்போது நான்கு மாதக் கர்ப்பம். மகப்பேறு டாக்டரிடம் சொல்லவில்லை.

பதில்: இந்த வாரமே சொல்லுங்கள் தம்பி. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடும். இதயம் அத்தனையையும் தள்ள வேண்டும். உடனே ஓர் எக்கோ. நன்றாக இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டாலும் தயாராக நேரம் இருக்கிறது.

கேள்வி: நாளைக்கு ரெண்டு சிகரெட்தான் சார், பரவாயில்லையா?

பதில்: ரெண்டும் அதிகம். பிரஷர் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லையே?