வாசகர் கேள்வி: கிண்ணத்துக்குப் பதிலாக இரும்பு

கேள்வி: எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் மெய்வல்லுநர் போட்டிக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் அனுசரணை வழங்க இருக்கிறோம். கிண்ணம், ரீசேட் தவிர வேறென்ன கொடுக்கலாம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரும்பு வாங்கிக் கொடுங்கள். வெல்டிங் வகுப்பு மாணவர்களே சட்டவேலிகளை, அதாவது தடைதாண்டி ஓட்டத்தில் தாண்டும் தடைகளை, செய்துவிடுவார்கள். கிண்ணம் அலுமாரியில் தூங்கும். இவை வருடாவருடம் உழைக்கும்.

அகலம் 1.18 முதல் 1.20 மீற்றர். அடிக்கால் 70 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. எடை 10 கிலோவுக்குக் குறையக்கூடாது. உயரத்தை 76.2, 83.8, 91.4 சென்ரிமீற்றராக மாற்றத் துளைகள் வேண்டும். மேற்சட்டம் பலகையாக இருக்கட்டும், இரும்புக் குழாய் முழங்காலைப் பதம்பார்க்கும்.

வழக்கமாகப் பிழைப்பது அடிக்காலில்தான். உறுதியாக நிற்கட்டும் என்று இரு பக்கமும் கால் வைத்து ஒட்டிவிடுவார்கள். பிறகு கால் பட்டாலும் வேலி சாயாது, பிள்ளைதான் விழும். அடிக்கால் ஓடிவருபவரின் பக்கம் மட்டுமே நீளவேண்டும். மேற்சட்டத்தின் நடுவில் சுருள்வில் தராசைக் கொழுவி, ஓடும் திசையில் கிடையாக இழுத்துப் பாருங்கள். 3.6 முதல் 4 கிலோவுக்குள் சாயவேண்டும். அதற்கு முன்பே சாய்ந்தால் அடிக்காலிலுள்ள பாரத்தை ஓடிவருபவரின் பக்கமாக நகர்த்துங்கள்.

காசு மிஞ்சினால் 50 மீற்றர் இரும்பு அளவுநாடா ஒன்று. துணிநாடா இழுபடும், ஓடுபாதை அளவு பிழைக்கும்.