சிறை சென்று வந்தவருக்கு வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். அடிதடி வழக்கில் மூன்றாண்டு தண்டனை முடித்து வந்த இளைஞர் ஒருவர் வேலை கேட்கிறார். தொழில் நன்றாகவே தெரிகிறது. அவரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் தடை உண்டா? பட்டறையில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பட்டறை வேலைக்கு எந்தத் தடையும் இல்லை. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாக அமர்த்தக் கூடாது என்கிறது. வேறு வேலை இல்லாவிட்டாலும் வாட்ச்மேன் வேலையாவது வாங்கித் தரலாம் என்று பலர் நல்லெண்ணத்துடன் முயல்வதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

பணத்தை நம்பி ஒப்படைக்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்குகளை நினைத்துப் பாருங்கள்; அங்கே தண்டனைக் காலம் முடியாதவர்களே வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பிக் காசு வாங்குகிறார்கள். 2023இல் புழலில் பெண் சிறைவாசிகளுக்கென்றே ஒரு பங்கு திறக்கப்பட்டது.

வேலை கொடுப்பதைவிட, கொடுத்த வேலையில் அவரை நிலைக்கச் செய்வதில்தான் உங்கள் கவனம் அதிகம் தேவைப்படும். அவர்மீது வேறு வழக்கு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா, வாய்தா என்றைக்கு, ஜாமீன் நிபந்தனைப்படி காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் பிடிவாரண்ட் வரும். பிறகு காவலர்கள் பட்டறை வாசலுக்கே வருவார்கள். அதோடு வேலையும் போகும். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு தருவதால் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. முதல் சில மாதங்களுக்குச் சம்பளத்தை வாரம்தோறும் கொடுங்கள், ஏனென்றால் சிறையிலிருந்து வந்தவரிடம் பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதக் கடைசிவரை தாங்கும் கையிருப்பு இருக்காது.

மற்ற தொழிலாளர்களிடம் அவருடைய வழக்கைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவரைச் சேர்ப்பது உங்கள் முடிவு என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். என்றாவது ஒரு கருவி காணாமல் போனால் எல்லோருடைய பார்வையும் அவர் பக்கம்தான் திரும்பும். அன்று எல்லோரிடமும் ஒரே விதமாக விசாரித்தீர்களா என்பதை வைத்துத்தான் அவர் அங்கே நீடிப்பதா, சொல்லாமல் கிளம்பிவிடுவதா என்று முடிவு செய்வார். இதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் 19 வயதில் கோயில் திருவிழாச் சண்டையில் சிக்கினான். குற்றவாளி என்று தீர்ப்பானாலும் சிறைக்கு அனுப்பாமல், ஓராண்டுக்கு நன்னடத்தைப் பிணையில் நீதிமன்றம் விட்டுவிட்டது. இப்போது அரசு அலுவலக வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். சரிபார்ப்புப் படிவத்தில் இதைக் குறிப்பிட வேண்டாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
(ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அம்மா, கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்கள் மகன் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டிருந்தால், தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு அவருக்கு இல்லை என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தப் பிரிவு தீர்ப்பை அழித்துவிடுவதில்லை. தண்டிக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்டால், உண்டு என்பதே சரியான பதில்.

மறைப்பது ஏன் ஆபத்து என்பதை அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரை நியமித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. அவருடைய முன்வரலாற்றை எடைபோடும் உரிமை அதற்கு உண்டு. இளவயதில் செய்த அற்பக் குற்றத்தை ஒருவர் மறைத்திருந்தால்கூட அதிகாரி அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. ஆயினும் அது அவருடைய விருப்புரிமை மட்டுமே; அதை நம்பிப் படிவத்தை வெறுமையாக விட்டால், வேலையில் சேர்ந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் பணிநீக்கம் நேரலாம். காவல்துறைப் பணி என்றால் விதிகள் இன்னும் கடுமையானவை.

சம்பவத்தின்போது 18 வயது நிறைந்திராத பிள்ளைகளின் நிலை வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பொதுவாக அவர்களுக்குத் தகுதியிழப்பு வராமல் காக்கிறது.

படிவம் நிரப்புவதற்கு முன்பே, வழக்கு எண்ணுடன் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். எந்தப் பிரிவில் விடுவிக்கப்பட்டார் என்பது அதில்தான் இருக்கும். பிணைக்காலம் குறையின்றி முடிந்ததற்கு மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் எழுத்து மூலம் சான்று கேட்டுப் பெற்று, இரண்டையும் படிவத்துடன் இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.