எம்.ஏ. சமூகவியலுக்கு 4 லட்சம் கடன் வாங்கலாமா?

தனியார் கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் படிக்க 4 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மாதத் தவணையைக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 2 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 2 ஆண்டும், அப்புறம் 1 ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கட்டத் தொடங்கும்போது கடன் 5 லட்சம் ஆகியிருக்கும். 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 6,600 ரூபாய் வேண்டும்.

என் தோழி இதே படிப்பை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்தபோது கைக்கு வந்தது 18,000. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக, தவணை தேதி நெருங்கினாலே அவளுக்குத் தூக்கம் வராது.

அதற்காகப் படிப்பையே விட்டுவிடாதீர்கள், அருமையான படிப்பு அது. அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு, தயங்காமல் சேருங்கள். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 உதவித்தொகை உண்டு. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். தனியார்தான் என்றால், படிக்கும்போதும் அடுத்த 1 ஆண்டும் வட்டியை மாதாமாதம் கட்ட வீட்டில் முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் கடன் 4 லட்சத்தோடு நிற்கும்.